மணிப்பையின் குஞ்சம்

மொன்றியல்
14 ஜனவரி 2024

அன்புள்ள தம்பிமுத்து அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் மகள் கௌசியும் மருமகன் சுபாஸ்கரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளை பொங்கல். இங்கே பால்கனியில் பானை வைத்தால் பால் பொங்காது, உறைந்துவிடும். குசினி அடுப்பில்தான்.

வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. சபனெல் தெருத் தொழிற்சாலையில் கலியாணச் சட்டைகளுக்கு மணி தைத்த பழக்கத்தில், மடாம் பெலான்ஷே கடைக்குத் திருத்த வேலை செய்கிறேன். அவர் அந்தக்கால உடுப்புகளையும் அவற்றோடு போகும் சாமான்களையும் விற்கிறவர். இந்த மாதம் ஒரு மணிப்பை தந்திருக்கிறார். 1840 அளவில் ஒரு சீமாட்டி இரவு விருந்துகளுக்குக் கையில் கொண்டுபோனது. உள்ளங்கை அளவுதான். கடுகிலும் சிறிய கண்ணாடி மணிகளைப் பட்டு நூலில் கோத்துப் பின்னியிருக்கிறார்கள். பச்சை நிலத்தில் ரோசாப்பூக்கள், மேலே பித்தளைச் சட்டம், கீழே உலோக மணிக் குஞ்சம். ஒரு பக்கம் பொத்தல். அந்தச் சீமாட்டியின் வழியில் வந்த பெண் ஒருத்திக்கு ஓகஸ்டில் கலியாணம். விருந்துக்கு இதைக் கொண்டுபோகப் போகிறாளாம்.

சாம்பவன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். பழைய கதைதான். "அம்மா, உந்த வெளிப்படியிலை ஐஸ் நிக்குது. விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது? வேலையை விட்டிட்டு எங்களோடை வந்திருங்கோ." நகருக்கு வெளியே கர்க்லாண்டில் உள்ள தன் வீட்டின் நிலக்கீழ் அறைக்குப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறான். மகன் நல்லவன், மருமகள் தனுஷிகாவும் நல்லவள். ஆனால் அங்கே கார் இல்லாமல் ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியாது. எனக்கு இந்த மூன்றாம் மாடியும், கீழே கடைத்தெருவும், மெற்றோவும் வேண்டும். "வேலை கிடக்கு மோனை" என்று நான் சொல்லுமட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. வேலை நின்றால் கர்க்லாண்ட்தான். ஆகவே இந்தப் பையைப் பிழை இல்லாமல் செய்துகொடுக்க வேண்டும். மேசைக்கு இன்னொரு விளக்கு வாங்கியிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
புஷ்பவதி

*

உவர்மலை, திருகோணமலை
6 பெப்ரவரி 2024

அன்புள்ள புஷ்பம்,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க விருப்பம். மழை விட்டுவிட்டது. சைக்கிளில் தபாற்கந்தோர் வரை போய் வருகிறேன். நாற்பது வருஷம் செய்திக்காக மிதித்த சைக்கிள், இப்போது முத்திரைக்காக. "போனிலை கதைச்சா என்னப்பா" என்கிறாள் கௌசி. என் காதுக்குப் போன் சரிவராது. தவிர, காகிதத்தில் வராதது எதுவும் எனக்குச் செய்தி இல்லை.

உன் கடிதத்தில் குறைகள் உண்டு. உள்ளங்கை அளவுப் பைக்குள் அந்த மனிசி எதை வைத்தாள்? அது ஏன் இரவு விருந்துக்கு மட்டும்? உலோக மணி என்றால் எந்த உலோகம்? ஒரு மேசைக்கு எதற்கு இரண்டு விளக்கு?

என் எழுத்தை இம்முறையும் திட்டியிருப்பாய். காகம் மையில் நடந்துவிட்டுப் போன மாதிரி என்று எங்கள் பத்திரிகையில் அச்சுக்கோர்த்த செபமாலை சொல்லுவார். அதை வாசிக்க அவருக்கு உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. நீ ஒருத்திதான் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கிறவள்.

அன்புடன்,
தம்பிமுத்து

*

மொன்றியல்
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இம்முறை உங்கள் காகத்தோடு மல்லுக்கட்டி இரண்டு மாலை போனது. மெல்லிய பேனையால் எழுதினீர்களோ தெரியாது.

உங்கள் கேள்விகளை மடாமிடம் கேட்டேன். அதற்கு முந்திய காலத்தில் பெண்கள் பாவாடைக்குள் பையைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். பிறகு உடுப்பு மெல்லிசாகி உள்ளே இருப்பது வெளியே புடைத்துத் தெரியத் தொடங்கியதும் பை கைக்கு வந்துவிட்டது. வைப்பது கைக்குட்டை, வாசனைக் குப்பி, எந்த ஆட்டம் எவரோடு என்று குறிக்கிற சின்ன அட்டை. "போன் வைக்கேலாதே" என்றேன். மடாம் சிரித்தார். மணப்பெண் கேட்ட முதல் கேள்வியும் அதுதானாம். மாப்பிள்ளையின் பொக்கற்றில் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. இரவுக்கு மட்டும் ஏனென்றால், மெழுகுதிரி வெளிச்சத்தில் மணிகள் மினுங்குவதற்காகத்தான் இதையே செய்தார்களாம். பகலில் கொண்டுபோனால் பணத்திமிர் என்பார்களாம்.

இதைப் பின்னுகிற முறை தலைகீழ். பின்ன முதலே எல்லா மணியையும் நூலில் கோத்துவிட வேண்டும், கடைசியாக வரவேண்டிய மணி முதலில். ஒன்று மாறிப்போனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தள்ளிப்போய்ப் பூவின் முகம் கோணிவிடும். மடாம் மணிகளை நிறம் நிறமாகக் குப்பிகளில் போட்டு, பெரிய எழுத்தில் இலக்கம் ஒட்டித் தந்திருக்கிறார். அதனால் பிழைவராது.

குஞ்சம் பித்தளை. மஞ்சளாகத்தான் இருக்கிறது. கடையில் எடுத்த படம் ஒன்று இதனுடன் வைக்கிறேன்.

அன்புத் தங்கை,
புஷ்பவதி

*

உவர்மலை
28 மார்ச் 2024

அன்புள்ள புஷ்பம்,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கேயும் புதினம் ஒன்றும் இல்லை. வெயில் தொடங்கிவிட்டது. நடை குறைவு. கௌசியும் சுபாஸ்கரனும் என் வீட்டோடு வந்துவிட்டார்கள். கௌசி படிப்பிக்கிற பள்ளிக்கூடம் இங்கிருந்து கிட்ட. சைக்கிளைச் சுபாஸ்கரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

படம் கிடைத்தது. கௌசியும் நானும் யன்னலடியில் வைத்துப் பார்த்தோம். நிலம் நீலம். பச்சை என்று எழுதியிருக்கிறாய். குஞ்சம் வெள்ளி மாதிரி, சாம்பல் பூத்த நிறம். நீ பித்தளை என்கிறாய். சட்டம் மட்டும்தான் மஞ்சள். எது சரி என்று எழுது. விளக்குக் கேள்விக்கும் பதில் வரவில்லை.

அன்புடன்,
தம்பிமுத்து

*

மொன்றியல்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

வருஷப் பிறப்புக்கு உங்களை நினைத்துக்கொண்டேன். உங்கள் தேகநலத்தை விபரமாக எழுதுங்கள். ஏன் சைக்கிளைக் கொடுத்தீர்கள்? எனக்குச் சுகம்.

படத்தில் நிறம் மாறும், அண்ணை. கடை வெளிச்சம் அப்படி. இருபது வருஷம் மணி தைத்தவள், பித்தளையைத் தொட்டே சொல்லுவேன்.

பொத்தலை அடைத்துவிட்டேன். பூ கோணவில்லை, விரலால் தடவினாலும் தையல் பிடிபடாது. வருஷத்துக்குக் குத்துவிளக்கை மினுக்கினேன். கரைத்த பழப்புளி கிண்ணத்தில் மிஞ்சிக் கிடந்தது. பையின் சட்டமும் குஞ்சமும் மங்கிப்போய்த்தானே இருக்கிறது என்று அவற்றையும் புளியிலே நனைத்து, தேய்த்து, துடைத்து வைத்துவிட்டேன். பையைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மேயில் கொடுக்க வேண்டும். மடாம் ஆச்சரியப்படுவார்.

தனுஷிகா போன கிழமை என்னை ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் காலைப் பார்த்துவிட்டு, "மாமி, ஒரு சொக்ஸ் நீலம், மற்றது கறுப்பு. உது இப்ப ஃபாஷனோ?" என்றாள். "ஓம், எங்கடை பார்க் எக்ஸ் பக்கத்து ஃபாஷன்" என்றேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் கடைசிக் கடிதம் வாசிக்கச் சுகமாக இருந்தது. ஒரே இருப்பில் முடித்துவிட்டேன். பேனையை மாற்றிவிட்டீர்களோ? இனி இதாலேயே எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
புஷ்பவதி

*

உவர்மலை
16 மே 2024

அன்புள்ள புஷ்பம்,

நாங்கள் சுகம். சைக்கிள் டயர் தேய்ந்துபோனது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் நேரத்துக்கு வந்து சேருமோ தெரியாது. பையை மடாமிடம் கொடுக்க முதல் வேறு ஒருவரின் கண்ணுக்குக் காட்டு. தனுஷிகாவிடம் காட்டு. கௌசியின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற றூபனிடம் படத்தைக் கொடுத்துக் கேட்டோம். அந்தக் காலத்தில் உருக்கையும் சின்ன மணியாக வெட்டிக் கோப்பார்களாம், பட்டை தீட்டின மாதிரி மினுங்குமாம். பித்தளைக்குப் புளி நல்லது. உருக்கில் புளி பட்டால் கறுக்கும், பிறகு துரு ஏறும். குஞ்சம் உருக்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் சொல்வது பிழை என்றால் மகிழ்ச்சி.

அன்புடன்,
தம்பிமுத்து

*

மொன்றியல்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை.

மடாம் பையைத் திருப்பி எடுத்துவிட்டார். வேறு வேலை இப்போதைக்கு இல்லை என்கிறார். கோடை வந்துவிட்டது. கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் தக்காளி நட்டிருக்கிறார்.

புஷ்பவதி

*

உவர்மலை
2 ஜூலை 2024

அன்புள்ள புஷ்பம்,

உன் சுகத்தைப் பற்றி ஒரு சொல் எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை.

மடாம் பையை எடுத்தார் என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை. 'ஏன்' இல்லாத செய்தியை என் ஆசிரியர் மேசையில் இருந்தே எறிவார். ஆகவே நானே எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. குஞ்சம் கறுத்துவிட்டது. நீ அதைக் காணவில்லை. கடதாசியைப் பிரித்த மடாம்தான் கண்டார். நீலம் உனக்குப் பச்சையாகத் தெரிகிறது, சாம்பல் மஞ்சளாகத் தெரிகிறது. இரண்டு விளக்கும் போதாமல் இருக்கிறது. உன் கண்ணில் ஏதோ இருக்கிறது, புஷ்பம். அது உனக்குத் தெரியும்.

கண் வைத்தியரிடம் போ. சாம்பவனுக்கு நான் எழுத மாட்டேன். கௌசியும் சொல்ல மாட்டாள். நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தம்பிமுத்து

*

மொன்றியல்
5 ஓகஸ்ட் 2024

அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. கோபம் வேறு.

நீங்கள் எழுதியபடிதான் நடந்தது. மடாம் கடதாசியைப் பிரித்துக் குஞ்சத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மடாம் புஷ்பா, இதுக்கு என்ன பூசினீங்கள்?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குஞ்சத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். எனக்கு அப்போதும் மங்கின பித்தளைதான். "எனக்கு வடிவாத் தெரியுது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதுதான் பிழை. புளியை அவர் மன்னித்திருப்பார். தெரியாததைத் தெரியும் என்றவளிடம் நூற்றெண்பது வருஷப் பையை ஆர் கொடுப்பது?

வைத்தியரிடம் போ என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டீர்கள். போனால் கண்ணுக்கு மருந்து விட்டபிறகு தனியே வர விடமாட்டார்கள். சாம்பவனைக் கூப்பிட வேண்டும். அவன் கண்ணைப் பற்றிக் கேட்டதும் படியைப் பற்றிக் கதைப்பான், பிறகு ஒரு வான் கொண்டுவந்து என் கட்டிலை ஏற்றுவான். வேலையும் இல்லை என்று இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. குப்பிகளை மேசையில் பரப்பியே வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? படத்தில் நிறம் மாறும் என்று சொன்னால் நம்பியிருக்கலாம். புளி போட்டது அறியாமை என்று விட்டிருக்கலாம். ஒரு படத்தை வைத்து மட்டும் நீங்கள் இவ்வளவு உறுதியாக எழுதுகிற ஆள் இல்லை. கையில் இன்னும் ஏதோ வைத்திருக்கிறீர்கள்.

புஷ்பவதி

*

உவர்மலை
29 ஓகஸ்ட் 2024

அன்புள்ள புஷ்பம்,

கோபத்திலும் விபரமாக எழுதியிருக்கிறாய். இதுவரை நீ எழுதியதில் இதுதான் நல்ல கடிதம். இங்கே ஒரு புதினமும் இல்லை.

எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு: செய்தி தந்தவரின் பெயரை நான் என் உத்தியோகத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டுப் பெரியவர்களும் வந்திருக்கிறார்கள். (கௌசி சிரிக்கிறாள்.)

சாம்பவன் கட்டிலை ஏற்றினால் நீ இறக்கு. அவன் உன் மகன், பொலிஸ் இல்லை. கண் போனால் படியும் இல்லை, கடைத்தெருவும் இல்லை, என் கடிதமும் இல்லை. போ.

அன்புடன்,
தம்பிமுத்து

*

மொன்றியல்
20 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமையே சாம்பவனைக் கூப்பிட்டேன். அதிகம் சொல்லவில்லை, "கண் சரியில்லை மோனை, வேலையும் போட்டுது" என்றேன். இரண்டு கண்ணிலும் கண்புரை. வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது. வேறொருவர் விட்ட இடம் கிடைத்து இம்மாதத் தொடக்கத்திலேயே வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. மற்றது ஜனவரியில்.

முடிந்து கர்க்லாண்ட் போகும் வழியில், டோர்வலில் பிளேன் இறங்குகிற இடம் வந்ததும் சாம்பவன் காரை மெதுவாக்கினான். பிறகு, "ஏனம்மா இவ்வளவு காலம் சொல்லேல்லை?" என்றான்.

"சொன்னா உன்ரை நிலக்கீழ் அறை."

"அப்ப என்ரை அறைக்குப் பயந்துதான் கண்ணைப் பழுதாக்கினனீங்கள்."

"பெயின்ற் என்ன நிறம் எண்டும் எனக்குத் தெரியாது."

"வெள்ளை" என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. கண்ணுக்கு மருந்து விடுகிற நாட்கள் முடியுமட்டும் அங்கே இருந்தேன். நல்ல அறைதான், உண்மையாகவே வெள்ளை. பிறகு அவனே காரில் கொண்டுவந்து விட்டான். படிக்கு இரண்டு பக்கமும் கைபிடி போடும்படி வீட்டுக்காரனுக்கு எழுதியிருக்கிறான். பனி கொட்டினால் கதைப்போம் என்றான். கதைப்போம்.

நேற்று மடாமிடம் போனேன். கலியாணத்துக்குப் பெண் அந்தப் பையைத்தான் கொண்டுபோனாளாம், கறுத்த குஞ்சத்தோடு. விருந்து மண்டபத்து வெளிச்சத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். பை திருத்தத்துக்குத் திரும்பவும் கடைக்கு வந்திருக்கிறது. மடாம் என் கையில் தந்தார். நிலம் நீலம், அண்ணை. அப்படி ஒரு நீலம். ரோசாப்பூ எனக்குச் செங்கல் மாதிரித் தெரிந்தது, அது இளஞ்சிவப்பு. குஞ்சம் அடுப்புக்கரி. "நான்தான் பழுதாக்கினேன், அண்டைக்குத் தெரியேல்லை, இண்டைக்குத் தெரியுது" என்றேன். உடைந்த இன்னொரு பையிலிருந்து உருக்கு மணி எடுத்துத் தருவதாகவும், மற்றக் கண்ணும் ஆன பிறகு குஞ்சத்தை நானே கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

இனி மற்ற விஷயம். வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதங்களை எடுத்து அடுக்கினேன், ஆறுதலாக ஒருமுறை வாசிக்க. பெப்ரவரிக் கடிதம் உங்கள் காகம். மார்ச்சிலிருந்து வந்தது எல்லாம் உருண்டை உருண்டையாக, கோடு போட்ட மாதிரி, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற எழுத்து. சாம்பவனுக்கு வந்த பிறந்தநாள் அட்டைகளில் இதே எழுத்து இருக்கிறது. கௌசியுடையது.

நான் பேனையை மாற்றினீர்களோ என்று கேட்டேன்.

சைக்கிள் ஏன் போனது, கௌசி ஏன் வந்து இருக்கிறாள், உங்களுக்கு என்ன நடந்தது? கௌசியை விடுங்கள். எத்தனை நாள் எடுத்தாலும் இந்தமுறை நீங்களே எழுதுங்கள்.

புஷ்பம்

*

உவர்மலை
17 நவம்பர் 2024

புஷ்பம்,

இது என் கை. இடது கை. காகம் நொண்டுகிறது, பொறுத்துக்கொள்.

பெப்ரவரி கடைசி. காலை. கிணற்றடி. வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியது. பக்கத்து வீட்டார் கூப்பிட, சுபாஸ்கரன் வந்து தூக்கினான். இப்போது தடி பிடித்து வாசல் வரை நடக்கிறேன். கை வரவில்லை. வராது என்கிறார்கள்.

கௌசியைக் குறை சொல்லாதே. நான்தான் சத்தியம் வாங்கினேன். நீ பிளேன் ஏறி வந்துவிடுவாய் என்று. அது ஒரு காரணம். மற்றது, எழுத முடியாத நிருபர் என்று நீ நினைக்கக்கூடாது என்று.

எப்படித் தெரியும் என்று கேட்டாய். மார்ச்சில் கடிதத்தை மடித்தபோது கௌசி சொன்னாள், "அப்பா, மாமி எழுத்தைக் கண்டவுடனை பிடிச்சிடுவா." நானும் அப்படித்தான் நினைத்தேன். முப்பத்தைந்து வருஷம் என் எழுத்தை வாசித்தவள். என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவாய் என்று காத்திருந்தேன். பேனையைக் கேட்டு எழுதினாய்.

உன் கண் சரியில்லை என்று அன்றைக்கே தெரியும். சொன்னால் என் கையைச் சொல்ல வேண்டும். அதனால் குஞ்சத்தைப் பற்றி எழுதினேன்.

நான் அவ்வளவு சுகமில்லை, புஷ்பம். நீ எப்படி?

தம்பிமுத்து